எமர்ஜென்சி! தொடரை மகளுக்கு எந்த எபிசோடிலிருந்து காட்டலாம்?

கேள்வி: கார்சன்_அக்கா

என் மகள் இந்த மாதம் ஈஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். முதல் வாரமே ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றுகிறாள். அவளை உட்கார வைத்து 'எமர்ஜென்சி!' காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு தீயணைப்பு ஸ்டேஷனில் வேலை செய்யும் ராய், ஜானி என்ற இரண்டு பாராமெடிக்குகளின் கதை அது; பாராமெடிக் என்றால் ஆம்புலன்ஸ் மாதிரி ஓடிவந்து, இருக்கும் இடத்திலேயே அவசர சிகிச்சை கொடுப்பவர். ஆறு சீசன் இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? 50 வருஷத்துக்கு முந்தைய தொடர், இந்தக் காலத்துப் பிள்ளை உட்கார்ந்து பார்ப்பாளா?

எனக்கு அது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். 1973-இல், எனக்கு ஒன்பது வயதில், நாங்கள் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வந்தோம். கார்சனில் இரண்டு அறை வீடு. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு என்பிசியில் இந்தத் தொடர் வரும். ஸ்டேஷனில் அந்த ஊளை மணி அடித்ததும் அப்பா சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் வந்துவிடுவார்.

அம்மாவுக்கு அப்போது இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தத் தொடரை முழுசாகப் புரிந்துகொண்டவர் அம்மாதான். ராய் டிசோட்டோவுக்கு 'பெரியவன்' என்று பேர் வைத்தார், ஜானி கேஜுக்கு 'சின்னவன்'. ஆஸ்பத்திரி நர்ஸாக வரும் டிக்ஸி மெக்கால் 'தொப்பி நர்ஸம்மா'. யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கை என்ன செய்கிறது என்று மட்டும் பார்ப்பார். கேப்டன் ஒரு துண்டுச் சீட்டில் முகவரி எழுதி வண்டி ஜன்னலில் நீட்டுவார், பெரியவன் வாங்கிச் சின்னவனிடம் கொடுப்பான், வண்டி கிளம்பும். அந்தச் சீட்டு கை மாறுவதைப் பார்க்க அம்மாவுக்கு அவ்வளவு பிடிக்கும். "பாரு, ஒருத்தன்கூடப் பதறல" என்பார்.

அப்போது எங்கள் பக்கம் 911 என்ற அவசர உதவி எண் கிடையாது. தீயணைப்புத் துறையின் எண்ணை அம்மா என்னை விட்டு ஒரு தாளில் பெரிதாக எழுதச் சொல்லி, ஃபோனுக்கு மேலே ஒட்டிவைத்திருந்தார்.

1976-இல் ஒரு காலை அப்பா குளியலறையிலிருந்து வந்து சோஃபாவில் சாய்ந்தார். முகம் சாம்பல் நிறம், சட்டை நனைந்துவிட்டது. அந்த எண்ணைச் சுழற்றியது நான்தான். என் குரல் எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. அதற்குள் அம்மா என்ன செய்தார் தெரியுமா? வாசல் கதவைத் திறந்துவைத்தார். சோஃபாவுக்கு முன்னால் இருந்த மேஜையை இழுத்துச் சுவரோரம் போட்டார். யாரும் சொல்லவில்லை. "அவங்க மண்டி போட எடம் வேணாமா?" என்றார்.

இரண்டு பேர் வந்தார்கள். கையில் அதே ஆரஞ்சுப் பெட்டி. ஒருவர் அப்பாவின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே பேர் கேட்டார். இன்னொருவர் பெட்டியைத் திறந்து ஏரியலை மாட்டி ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார். தொடரில் வரும் ஆஸ்பத்திரியின் பேரான 'ராம்பார்ட்' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். வேறு பேர் சொன்னார். அப்போதுதான் இது நிஜம் என்று எனக்கு உறைத்தது, அழ ஆரம்பித்தேன். அம்மா அழவில்லை. அந்தப் பெட்டியையும் அது என்ன செய்யும் என்பதையும் அவர் மூன்று வருஷமாகப் பார்த்துவருகிறாரே.

அப்பா அதற்குப் பிறகு 22 வருஷம் இருந்தார்.

எந்த எபிசோடு என்று யாராவது சொல்லுங்கள்.

---

பதில் 1: இரவுப்பணி_நர்ஸ்

முதலிலிருந்தே ஆரம்பியுங்கள். 1972 ஜனவரியில் வந்த இரண்டு மணி நேரப் படம்தான் தொடரின் வாசல். கதையே சட்டம் பற்றியது. மருந்து ஏற்றவும் இதயத்துக்கு ஷாக் கொடுக்கவும் தீயணைப்பு வீரர்களை அனுமதிக்கலாமா என்பதுதான் அதில் விவாதம். ராம்பார்ட் ஆஸ்பத்திரியின் டாக்டர் பிராக்கெட் முதலில் கூடவே கூடாது என்று நிற்கிறார், கடைசியில் அவரே அதற்காகப் பேசுகிறார். அந்த மனமாற்றத்தை அவசரப்படாமல் காட்டியிருப்பார்கள். அது கற்பனைச் சட்டமும் இல்லை. வெட்வொர்த்-டவுன்செண்ட் சட்டம், கலிஃபோர்னியாவில் 1970-இல் வந்தது, அன்றைய கவர்னர் ரேகன் கையெழுத்துப் போட்டார். அது வரும்வரை பாராமெடிக் படிப்பை முடித்தவர்கூடப் பக்கத்தில் ஒரு நர்ஸ் இல்லாமல் ஊசி போட முடியாது.

நான் ஓய்வு பெறும்வரை ரேடியோவில் உட்கார்ந்தவள். ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு, வெளியே இருக்கும் பாராமெடிக்குகளுக்கு வழிசொல்லும் நர்ஸ்கள் இந்த மாநிலத்தில் உண்டு. அதற்குத் தனிப் பயிற்சி, தனிச் சான்றிதழ். அதாவது டிக்ஸியின் வேலை. அந்தக் கண்ணாடி அறைக்குள் டிக்ஸி பேனாவை எடுத்துக்கொண்டு நுழைகிற காட்சி வந்தால் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

நோயாளி கண்ணுக்குத் தெரியமாட்டார். குரல்தான் எல்லாம். ஒரு ராத்திரி புதுப் பையன் ஒருவன், குரல் உச்சத்தில், எண்களை ஒரே மூச்சில் கொட்டினான். ஒன்றும் பிடிபடவில்லை. நான் அவனைத் திட்டவில்லை. "ரத்த அழுத்தம் மட்டும் திரும்பச் சொல்லு, மெதுவா" என்றேன். சொன்னான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் குரல் கீழே இறங்கிவிட்டது, மீதியெல்லாம் தெளிவாக வந்தது. அந்த உத்தியை எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. டிக்ஸியாக நடித்த ஜூலி லண்டன் குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகினேன். அந்த அம்மா அடிப்படையில் ஜாஸ் பாடகி. எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரிந்தவர். டாக்டர் ஏர்லியாக வந்த பாபி ட்ரூப் அவருடைய கணவர், இசையமைப்பாளர். இருவரும் அந்த ஆஸ்பத்திரிக் காட்சிகளில் அவ்வளவு நிதானமாகப் பேசிக்கொள்வது அதனாலும் இருக்கலாம்.

உங்கள் அம்மா மேஜையை நகர்த்தினாரே, அதை உங்கள் மகளின் வகுப்பில் சொல்லச் சொல்லுங்கள்.

---

பதில் 2: ஏணிவண்டி

அக்கா, நீங்கள் கார்சனில் இருந்தீர்கள் என்றால் ராயும் ஜானியும் வேலை செய்யும் ஸ்டேஷன் 51-ஐ நேரிலேயே பார்த்திருப்பீர்களே! 51 என்பது தொடருக்காக வைத்த எண். படம் பிடித்த கட்டிடம் கார்சனில் இருக்கும் 127-ஆம் ஸ்டேஷன். இன்றைக்கும் வேலை செய்யும் ஸ்டேஷன் அது. தொடரைத் தயாரித்த ராபர்ட் சினடர் பேரை அதற்கு வைத்திருக்கிறார்கள். ராம்பார்ட் என்று காட்டியது டாரன்ஸில் இருந்த ஹார்பர் ஜெனரல் ஆஸ்பத்திரி.

நான் வண்டிப் பைத்தியம். என்னைப் போன்றவர்களுக்கு இந்தத் தொடர் ஒரு பொக்கிஷம். ராயும் ஜானியும் போகும் ஸ்க்வாட் 51 என்பது டாட்ஜ் டி300. தீயணைப்பு வண்டியான எஞ்சின் 51 முதலில் கிரௌன் ஃபயர்கோச், பிறகு வார்ட் லாஃப்ரான்ஸ். எஞ்சினை ஓட்டும் மைக் ஸ்டோக்கர் நடிகர் அல்ல, நிஜமான லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி தீயணைப்பு வீரர், சொந்தப் பேரிலேயே வருகிறார். ரேடியோவில் அழைப்பு கொடுக்கும் குரலும் நிஜமான டிஸ்பாட்சர், அதாவது வண்டிகளை அனுப்பிவைப்பவர், சாம் லானியருடையது. அதனால்தான் அந்த அழைப்பில் நடிப்பு வாடையே இருக்காது. முகவரி, குறுக்குத் தெரு, நேரம், அவ்வளவுதான். கேப்டன் ரேடியோ மைக்கை எடுத்து "கேஎம்ஜி 365" என்று முடிப்பார். அதுவும் கவுண்டித் தீயணைப்புத் துறையின் உண்மையான வானொலி அழைப்புக் குறி.

விபத்துகளைக்கூட ஸ்டேஷன் பதிவேடுகளிலிருந்து எடுத்தார்கள். அதனால்தான் பாதி எபிசோடுகளில் பெரிய தீ எதுவும் இருக்காது. குழாயில் கை மாட்டிய பிள்ளை, மரத்தில் தொங்குபவர், இப்படித்தான் வரும். எனக்குப் பிடித்ததே அவைதான். சாப்பாடு யார் சமைப்பது என்று ஸ்டேஷனில் சண்டை நடக்கும், சக வீரன் செட் கெல்லி ஜானியை வம்புக்கு இழுப்பான், நடுவில் மணி அடிக்கும், அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவார்கள். நான் பார்த்த எல்லா ஸ்டேஷன்களும் அப்படித்தான்.

மகளைக் கூட்டிக்கொண்டு பெல்ஃப்ளவரில் இருக்கும் கவுண்டித் தீயணைப்பு அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். ஸ்க்வாட் 51 அங்கேதான் நிற்கிறது. பக்கவாட்டுப் பெட்டிக் கதவுகளைப் பார்த்ததும் எதில் என்ன இருக்கும் என்று உங்கள் கைக்கே தெரியும்.

---

பதில் 3: மருந்துப்பெட்டி

நான் இப்போது பணியில் இருக்கும் பாராமெடிக். தொடரை எனக்குக் காட்டியது என் முதல் பார்ட்னர், தலை நரைத்தவர். மனசாரச் சொல்கிறேன், நல்ல தொடர். ஆனால் அக்கா, மகள் இப்போதுதான் படிக்கிறாள் என்பதால் இரண்டு மூன்று விஷயம் சொல்லியே ஆக வேண்டும்.

கையுறை இல்லாமல் ரத்தத்தைத் தொடுவார்கள். அன்று அதுதான் வழக்கம். இதயம் நின்றவருக்கு உடனே சோடியம் பைகார்பனேட் என்ற மருந்தை ஏற்றச் சொல்வார் பிராக்கெட். இன்று அதை எல்லோருக்கும் கொடுப்பதில்லை. இரண்டு பேர் சேர்ந்து சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுப்பது) செய்யும்போது ஐந்து அழுத்தத்துக்கு ஒரு மூச்சு என்று எண்ணுவார்கள். இப்போது பெரியவர்களுக்கு முப்பதுக்கு இரண்டு. அவள் அந்தப் பழைய கணக்கை மனசில் ஏற்றிக்கொண்டுவிடக் கூடாது. இன்னொன்று, ஒவ்வொரு ஊசிக்கும் ராம்பார்டைக் கேட்பார்கள். நாங்கள் பெரும்பாலானவற்றை எழுதிவைத்த விதிமுறைப்படி நாங்களே தொடங்கிவிடுகிறோம். அன்று ஈசிஜியில் ஒரே ஒரு கோட்டை ரேடியோவில் அனுப்பினார்கள், "லீட் டூ" என்று சொல்லி. லீட் என்றால் இதயத்தைப் பார்க்கும் ஒரு கோணம். இப்போது பன்னிரண்டு லீட் எடுத்து, மாரடைப்பா இல்லையா என்று வீட்டிலேயே பார்க்கிறோம்.

எனக்கு உண்மையில் மனசில் உறுத்துவது வேறு. தொடரில் நிறையப் பேர் பிழைத்துவிடுகிறார்கள். வேலைக்கு வந்த முதல் வருஷம், எல்லாம் சரியாகச் செய்தும் ஒருவர் போய்விட்டபோது, நான்தான் எங்கோ தவறிவிட்டேன் என்று வாரக்கணக்கில் தூங்கவில்லை. அந்தப் பார்ட்னர்தான் என்னைச் சாப்பிடக் கூட்டிப்போய் ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருந்தார். மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மாறாதது ஒன்று இருக்கிறது. ராயும் ஜானியும் நோயாளியின் கண் மட்டத்துக்கு இறங்கித்தான் பேசுவார்கள். நின்றுகொண்டு கேள்வி கேட்கவே மாட்டார்கள். அதை அவள் அப்படியே எடுத்துக்கொள்ளட்டும்.

---

கார்சன்_அக்கா:

எல்லோருக்கும் நன்றி. மருந்துப்பெட்டி தம்பி, நீங்கள் எழுதியதை அவளிடமே படிக்கக் கொடுத்தேன். கடைசிப் பகுதியை இரண்டு முறை படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நேற்று ராத்திரி முதல் படத்தைப் போட்டோம். அம்மாவுக்கு இப்போது 85. கண் சரியாகத் தெரிவதில்லை, டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ராயாக நடித்த கெவின் டையின் முகம் வந்ததும் "பெரியவன்!" என்றார். ரான்டால்ஃப் மான்டூத்தைப் பார்த்து, "சின்னவனுக்கு இன்னும் முடி வெட்டி விடலையா?" என்று கேட்டார். மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பார்ப்பாளா என்று கவலைப்பட்டேனே, அவள் என்னைவிடக் கூர்ந்து பார்த்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டாள். "அம்மா, நம்பர் சொல்றதுக்கு முன்னாடி ராய் ஒரு நொடி வாயை மூடிக்கிறார், பாத்தியா?" என்றாள். இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. இரவுப்பணி சிஸ்டர், நீங்கள் சொன்ன அந்தக் குரல் இறங்கும் விஷயம் இதுதானோ?

படம் முடிந்ததும் பட்டையை எடுத்து வந்து பாட்டிக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறேன் என்றாள். நின்றபடியே கேட்டாள், பிறகு என்ன நினைத்தாளோ, தரையில் மண்டி போட்டாள். அம்மா வளையல்களை முழங்கை வரை தள்ளிவிட்டு, மடியில் இருந்த கையை எடுத்து அவளிடம் நீட்டினார்.