போரில் அழிந்த பங்கு ஆலயத்தைப் புதிதாகக் கட்டுவது பற்றி ஆலோசனை தேவை

கேள்வி – பங்குப்பேரவை உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம். போரில் எங்கள் கத்தோலிக்கப் பங்கின், அதாவது ஊர்ச் சபையின், ஆலயக் கூரை முழுவதும் எரிந்துபோனது. சுவர்கள் விரிசலோடு நிற்கின்றன. திரும்பி வந்த குடும்பங்களில் பல இன்னும் தற்காலிகக் கொட்டகைகளிலேயே இருக்கின்றன. ஞாயிறு திருப்பலி தார்ப்பாயின் கீழ் நடக்கிறது. வெளிநாடுகளில் குடியேறிய எங்கள் பங்கைச் சேர்ந்தவர்கள், உயர்ந்த கோபுரத்தோடு பெரிய ஆலயம் எழுப்பினால் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். வீடில்லாத மக்கள் நடுவில் இப்பணியைத் தொடங்கலாமா? தொடங்கினால் அனுமதியையும் கணக்கையும் எப்படிக் கையாள வேண்டும்?

மறுமொழி 1 – மறைமாவட்ட நிதிப் பணியாளர்

அடிக்கல் நாளைக் குறிப்பதற்கு முன் மறைமாவட்டத் தலைவரான ஆயரின் எழுத்துமூல இசைவைப் பெறுங்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1215ஆம் சட்டப்படி, ஆயர் குருக்கள் மன்றத்தையும் அருகிலுள்ள ஆலயங்களின் பொறுப்பாளர்களையும் கலந்தாலோசித்து, கட்டுவதற்கு மட்டுமன்றி வழிபாட்டைத் தொடர்ந்து நடத்துவதற்கும் வேண்டிய வசதி இருக்கும் என்று கண்ட பிறகே இசைவளிப்பார்.

அதைவிட அவசரமானது உங்கள் வேண்டுகோள் கடிதத்தின் வாசகம். ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் தந்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பது 1267ஆம் சட்டம். "கோபுர நிதி" என்று எழுதித் திரட்டிய பணத்தைக் கூரைக்கோ வீடிழந்தோருக்கோ பிறகு திருப்ப முயன்றால், பங்கே இரண்டுபடும். ஆகவே ஆலயத்துக்கும் வீடுகளுக்கும் தனித்தனிக் கணக்குகளும் தனித்தனி ரசீதுப் புத்தகங்களும் வையுங்கள். எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது கொடுங்கள். நிதிக்குழு சரிபார்த்த வரவு செலவை மாதந்தோறும் திருப்பலி நடக்கும் இடத்திலேயே ஒட்டுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் கேட்பதும் அதே தாளைத்தான்.

மறுமொழி 2 – திருச்சபை வரலாற்று ஆர்வலர்

தொடங்கலாம், ஆனால் சிறிதாகத் தொடங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஜெர்மனியின் கொலோன் நகரில் புனித கொலும்பா ஆலயம் குண்டுவீச்சில் இடிந்தபோது மாதா சுரூபம் ஒன்று தப்பியது. கட்டடக் கலைஞர் கோட்ஃப்ரீட் பூம், இடிபாடுகளுக்கிடையே அதைச் சுற்றி ஒரு சிற்றாலயத்தை மட்டும் 1950இல் எழுப்பினார். மக்கள் செபிக்க அது போதுமானதாக இருந்தது.

மாறாக, இங்கிலாந்தின் லிவர்பூலில் 1933இல் அடிக்கல் நாட்டப்பட்ட மாபெரும் பேராலயத்தின் வேலை 1941இல் போரால் நின்றது. 30 லட்சம் பவுண்டு என்று கணித்த செலவு, போருக்குப் பின் 2 கோடி 70 லட்சமாக உயர்ந்ததால், நிலவறை மட்டும் 1958இல் முடிந்தது. முற்றிலும் வேறான, செலவு குறைந்த திட்டத்தின்படி 1962இல் கட்டத் தொடங்கி 1967இல் அர்ச்சித்தார்கள். போருக்குப் பின் சிமெண்டும் கம்பியும் கூலியும் ஒருசேர ஏறும் என்பதை உங்கள் கொடையாளர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டு உதவியை எப்படிப் பெறுவது என்பதற்கு ஹிரோஷிமா நல்ல சான்று. அணுகுண்டில் காயமுற்றுப் பிழைத்த இயேசு சபைக் குரு ஹியூகோ லசால், உலக அமைதியின் நினைவாக ஓர் ஆலயம் வேண்டும் என்று பல நாடுகளில் உதவி கேட்டார். 1954 ஆகஸ்ட் 6 அன்று அது நிறைவுற்றது. மணிகள் ஜெர்மனியின் போகும் நகரிலிருந்து வந்தன. உங்கள் கொடையாளர்களுக்கும் இப்படி மணி, பீடம், கதவு என்று தனித்தனிப் பொருள்களை ஒதுக்கித் தரலாம். ஆலயத்தின் அளவைத் தீர்மானிக்கும் உரிமை மட்டும் அங்கே வாழும் மக்களிடமே இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பழைய சுவர்களையே பயன்படுத்த முடியுமா?

மறுமொழி 3 – கட்டடப் பொறியாளர்

நெருப்பில் வெந்த கான்கிரீட் வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே வலுவிழந்திருக்கும். சோதனை அறிக்கை இல்லாமல் அதன்மேல் கூரையை ஏற்ற வேண்டாம். அதற்கும் முன்பாக, வெடிக்காத குண்டுகள் நிலத்தில் இல்லை என்ற சான்றிதழை உரிய அதிகாரிகளிடம் பெறாமல் அடித்தளத்துக்கு ஒரு குழியும் தோண்டாதீர்கள். சிரமதானம் என்று மக்களை மண்வெட்டியோடு அழைக்கவும் வேண்டாம். இடிக்க நேர்ந்தாலும் கற்கள் வீணாகா. பிரான்சின் ரோன்ஷாம் குன்றில் 1944இல் அழிந்த சிற்றாலயத்தின் கற்களையே, 1955இல் திறந்த புதிய ஆலயத்தின் சுவர்களுக்குள் வைத்துக் கட்டினார்கள். ஆலயத்தின் வழிபாட்டு மண்டபத்தை முதலில் முடியுங்கள். கோபுரத்துக்குரிய அடித்தளத்தை மட்டும் இப்போதே போட்டு வைத்தால், மேற்பகுதியை வசதி வரும்போது கட்டிக்கொள்ளலாம்.