புது வலைப்பூவுக்கு டைரக்டரியிலிருந்து ஆளே வரவில்லை, உதவி தேவை

மதுரையில் மாடித்தோட்டம் போட்டிருக்கிறேன். அதைப் பற்றி பிளாக்கரில் 4 மாதமாக எழுதுகிறேன், இதுவரை 23 பதிவுகள். ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள்.

கூகுளின் சர்ச் கன்சோலில் (தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கருவி) சைட்மேப் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) கொடுத்தாயிற்று. 9 பக்கம்தான் இன்டெக்ஸ் ஆகியிருக்கிறது, அதாவது கூகுள் தேடலில் சேர்ந்திருக்கிறது. அப்புறம் 11 இலவச டைரக்டரிகளில் (தளங்களை வகை பிரித்துப் பட்டியலிடும் இணையதளங்கள்) பதிந்தேன். மூன்றில்தான் சேர்த்தார்கள், அதில் இரண்டு நோஃபாலோ இணைப்பு (தேடல் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று குறிக்கப்பட்டது). இரண்டு மாதத்தில் ஒரே ஒரு கிளிக். ஒரு டைரக்டரியில் 1,500 ரூபாய் கேட்டார்கள். தேடலில் மேலே வரக் காசுக்கு இணைப்பு வாங்குவது கூகுள் விதிக்கு எதிரானது என்பதால் விட்டுவிட்டேன். பழைய வழிகாட்டிகள் சொல்லும் யாஹூ டைரக்டரி 2014லும் டிமாஸ் (DMOZ) டைரக்டரி 2017லும் மூடப்பட்டுவிட்டன.

தமிழ் வலைப்பூக்களைச் சேர்த்துக்கொள்ளும், இன்றும் வாசகர்கள் நிஜமாகவே வந்துபோகும் டைரக்டரியோ, பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் திரட்டியோ எது?