வீட்டில் எத்தனை தோட்டா வைத்திருப்பது சரி? (டெக்சாஸ் – 9 எம்.எம்., 12 கேஜ், .22)

பிளேனோ குமரன்:

வணக்கம். டாலஸ் பக்கம் அபார்ட்மெண்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறுகிறோம். கிரீன் கார்டு இருக்கிறது. 9 எம்.எம். பிஸ்டல், 12 கேஜ் பம்ப் ஷாட்கன், .22 ரைஃபிள் என்று மூன்று துப்பாக்கி. மாதம் இரண்டு முறை ரேஞ்ச் (சுடும் பயிற்சிக்கூடம்). ஒரு தடவைக்கு 9 எம்.எம். 75 முதல் 100 ரவுண்டு (தோட்டா), .22 ஒரு 100. ஷாட்கன் எப்போதாவது டிராப் (பறக்கவிடும் களிமண் தட்டு) சுட மட்டும்.

இதுவரை போகிற அன்று இரண்டு பெட்டி வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். இப்போது 1000 ரவுண்டு உள்ள பெரிய பெட்டியாக (கேஸ்) வாங்கலாமா என்று யோசனை. நண்பர் ஒருவர் 10,000 வாங்கி வை என்கிறார். எவ்வளவு நியாயமான அளவு? சட்டத்தில் உச்சவரம்பு உண்டா? கராஜில் இரும்பு அலமாரி இருக்கிறது, அங்கே வைக்கலாமா? எத்தனை வருடம் கெடாமல் இருக்கும்? வீட்டில் 9 வயது, 6 வயது என்று இரண்டு பிள்ளைகள். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ஆஸ்டின் செந்தில்:

முதலில் கணக்கு. பயிற்சித் தோட்டாவையும் பாதுகாப்புக்கான தோட்டாவையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் 10,000 என்ற எண்ணெல்லாம் வருகிறது.

பயிற்சிக்கு மாதச் செலவை 6 ஆல் பெருக்குங்கள். உங்களுக்கு 9 எம்.எம். மாதம் 150 முதல் 200, ஆக 900 முதல் 1200. ஒரு கேஸ் 1000 சரியாக இருக்கும். கையிருப்பு 500-க்கு இறங்கியதும் அடுத்த கேஸ் வாங்குங்கள். ஏன் ஆறு மாதம்? 2013-இல் .22 கடையில் கண்ணில் படாமல் போனது, நிலைமை சீராக நெடுநாள் ஆனது. 2020 மார்ச்சுக்குப் பிறகு 9 எம்.எம்.முக்கும் அதே கதி. அப்படி ஒரு காலம் வந்தால் பயிற்சியைப் பாதியாகக் குறைத்துக்கொள்வோம், ஆறு மாத இருப்பு ஒரு வருடம் வரும். அதற்குமேல் அடுக்குவது பணத்தை முடக்குவது, இடத்தை அடைப்பது, சரியாகப் பராமரிக்க முடியாமல் போவது.

.22-க்கு 500 ரவுண்டு பிரிக் இரண்டோ மூன்றோ போதும். ஒரு பிரிக் இரண்டு கிலோகூட இருக்காது, செருப்புப் பெட்டியில் பாதி இடம். ஷாட்கனுக்கு டிராப் ஒரு சுற்று 25 ஷெல் (ஷாட்கன் தோட்டா). 250 ஷெல் உள்ள ஒரு கேஸ் பத்துச் சுற்றுக்கு வரும். எப்போதாவது போகிறவருக்கு அது ஒரு வருடத்துக்கே தாராளம். பக்ஷாட் (பெரிய குண்டுகள் உள்ள ஷெல்) 25 போதும், 50-க்கு மேல் வேண்டாம்.

பாதுகாப்புக்கான ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள தோட்டா) ஒருமுறை 300 வாங்குங்கள். அதில் 200-ஐ உங்கள் பிஸ்டலில், உங்கள் மேகசின்களில் (தோட்டா அடுக்கும் கூடு) போட்டுச் சுட்டுப் பாருங்கள். ஒன்றுகூட மாட்டிக்கொள்ளாமல் ஓடினால்தான் அந்தப் பிராண்டை நம்பலாம். மீதி 100 இருப்பு. அது வருடத்துக்கு வருடம் கூட வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. தினமும் மேகசினின் மேல் தோட்டாவைச் சேம்பரில் (தோட்டா வெடிக்கும் அறை) ஏற்றி இறக்குகிறவர்கள் அதே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றக் கூடாது. சேம்பருக்குள் ஏற்றிவிடும் சரிவான ஃபீட் ராம்பில் மோதி மோதி, முனையில் உள்ள புல்லட் தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் (இதற்கும் கேஸ் என்றுதான் பெயர்) தள்ளிப்போகும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும், 9 எம்.எம்.மில் அது துப்பாக்கியையே உடைக்கலாம். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். உயரம் குறைந்தது கண்ணுக்கே தெரிந்தால் அதைச் சுட வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள். ஒருமுறை ஏற்றியதன் அடியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தால் அடையாளம் தெரியும்.

ரீலோடிங் ராஜா:

செந்தில் சொன்ன எண்ணிக்கை சரி. நான் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

கராஜ் வேண்டாம் குமரன். அட்டிக் (கூரைக்கு அடியில் உள்ள இடம்) கூடவே கூடாது. டெக்சாஸ் கோடையில் அட்டிக் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும், மூடிய கராஜும் லேசுப்பட்டதில்லை. தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்தான புகையில்லாப் பவுடரின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அது தானாகவே மிக மெல்லச் சிதையும். சிதையும்போது வரும் நைட்ரஜன் ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ள டைஃபினைலமைன் மாதிரி ஒரு நிலைப்படுத்தி சேர்த்திருப்பார்கள். வெப்பம் ஏற ஏறச் சிதைவு வேகமாகும், நிலைப்படுத்தி சீக்கிரம் தீரும். அறை வெப்பத்தில், ஈரமில்லாமல் இருந்தால் பல பத்தாண்டுகள் நன்றாக இருக்கும். அதனால் ஏ.சி. ஓடும் பகுதியில், வெளிச்சுவரை ஒட்டாத ஒரு குளோசெட்தான் நல்ல இடம்.

கராஜுக்கு இன்னொரு ஆட்சேபம் தீ. தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பான என்.எஃப்.பி.ஏ. 495, எளிதில் தீப்பிடிக்கும் திரவங்களிலிருந்து தோட்டா 15 அடி தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் ஒரு மணி நேரம் தாங்கும் சுவர் வேண்டும் என்கிறது. புல்வெட்டிக்கான பெட்ரோல் கேன், பெயிண்ட் தின்னர் எல்லாம் கராஜில்தானே இருக்கும். முழுதாகச் செய்து முடித்த தோட்டாவுக்கு அதே தொகுப்பு எண்ணிக்கை வரம்பு சொல்லவில்லை. நீங்கள் நாளைக்கு ரீலோடிங்கில், அதாவது வீட்டிலேயே தோட்டா நிரப்புவதில், இறங்கினால் கணக்கு வேறு. வீட்டில் பவுடர் 20 பவுண்டு வரை, வாங்கிய டப்பாவிலேயே. 20-க்கு மேல் 50 வரை என்றால் ஓர் அங்குல மரப்பலகைப் பெட்டிக்குள். பிரைமர் (தோட்டாவின் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி) 10,000 வரை. பிரைமரை ஒருபோதும் கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைக்காதீர்கள். ஒன்று வெடித்தால் மொத்தமும் ஒரே நொடியில் வெடிக்கும்.

வீடு தீப்பிடித்தால் தோட்டா நாலாபக்கமும் பாயும் என்று பலர் பயப்படுகிறார்கள். துப்பாக்கிக் குழாய்க்குள் இல்லாத தோட்டாவில் அழுத்தம் சேர வழியில்லை. கேஸ் கிழிந்து துண்டுகள் தெறிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து, ஆனால் துப்பாக்கியிலிருந்து வரும் வேகம் இருக்காது. உண்மையான ஆபத்து சேம்பரில் ஏற்றி விட்ட துப்பாக்கி. சூட்டில் அது சாதாரணமாகச் சுட்டது போலவே சுடும், குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம். தீயணைப்பு வீரர்கள் வந்ததும் தோட்டா எந்த அறையில் இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

பெட்டிக்கு, ராணுவ உபரியில் கிடைக்கும் .50 கேலிபர் ஆம்மோ கேன் (தோட்டா வைக்கும் இரும்புப் பெட்டி) போதும். 9 எம்.எம். அட்டைப் பெட்டியோடு அடுக்கினால் சுமார் 1000 பிடிக்கும், எடை 12 கிலோவுக்குமேல். பழைய கேன் வாங்கினால் மூடியின் ரப்பர் கேஸ்கட்டைச் சோதியுங்கள். ஒரு தாள் துண்டை நடுவில் வைத்து மூடி இழுங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் கேஸ்கட் செத்துவிட்டது. மழைநாளில் கராஜில் நின்றுகொண்டு மூடினால் அந்த ஈரக்காற்றையும் சேர்த்துத்தான் பூட்டுகிறீர்கள். ஏ.சி. அறையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்து, சிலிகா ஜெல் போட்டு, பிறகு மூடுங்கள். கூடவே ஈரம் காட்டும் அட்டை ஒன்று போட்டால், நிறம் மாறும்போது ஜெல்லை மாற்றலாம். கேனைச் சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் இரண்டு மரக்கட்டைமேல் வையுங்கள், அடியில் வியர்த்துத் துருப்பிடிக்கும்.

தோட்டாமேல் டபிள்யூ.டி.-40 அடிக்கவே கூடாது. பிரைமரின் விளிம்பு வழியாக உள்ளே ஊறிப் பிரைமர் செத்துப்போகலாம். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் புட்டியையும் அதே குளோசெட்டில் வைக்காதீர்கள். அம்மோனியா பட்டால் பித்தளை கேஸ் கழுத்தில் விரிசல் விடும். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் இதற்குப் பெரிய பாடமே கிடைத்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது.

ஒரு கேனுக்கு ஒரே கேலிபர் (தோட்டாவின் அளவு). இது மிக முக்கியம். இப்போது உங்களிடம் 12 கேஜ் மட்டும்தான், நாளைக்குப் பிள்ளைகளுக்காக 12-ஐவிட ஒல்லியான 20 கேஜ் வாங்கினால் அந்த மஞ்சள் ஷெல்லை 12-இன் பக்கத்திலேயே வைக்காதீர்கள். தவறி 12 கேஜ் சேம்பரில் போட்டால் அது வழுக்கி முன்னால் போய்க் குழாய்க்குள் நிற்கும். ஒன்றுமே ஏற்றவில்லை என்று நினைத்துப் பின்னால் 12-ஐப் போட்டுச் சுட்டால் குழாய் வெடிக்கும், முன்னால் கை பிடித்திருக்கும் இடத்தில்.

தோட்டாவை அட்டைப் பெட்டியிலிருந்து கேனில் கொட்டுவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். அட்டைப் பெட்டியின் மூடி மடிப்பில் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) இருக்கும். கம்பெனி ஒரு லாட்டைத் திரும்பப் பெற்றால் உங்களிடம் இருப்பது அதுதானா என்று வேறு எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? வாங்கிய மாதம், வருடத்தைப் பெட்டிமேல் எழுதி, பழையதை முதலில் சுடுங்கள்.

பிளேனோ குமரன்:

ரொம்ப நன்றி ராஜா அண்ணா, செந்தில். கராஜ் யோசனையைக் கைவிட்டாச்சு. இரண்டு கேள்வி. மச்சான் எச்-1பி வேலை விசாவில் எங்களோடு ஆறு மாதம் தங்கப் போகிறான், அப்பா அம்மாவும் விசிட்டர் விசாவில் வருகிறார்கள். அவர்களை ஒருநாள் ரேஞ்சுக்குக் கூட்டிப்போகலாமா? டெக்சாஸில் எண்ணிக்கைக்குச் சட்ட வரம்பு ஏதும் இருக்கிறதா?

எடிசன் விஜயா:

இதைக் கேட்டது நல்லது தம்பி. நம் ஆட்கள் வழுக்கி விழுவது இங்கேதான். கூட்டாட்சிச் சட்டப்படி நான்-இமிக்ரண்ட் (தற்காலிக) விசாவில் வந்தவர் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் வசம் வைத்திருக்கக் கூடாது. எச்-1பி, எல்-1 வேலை விசாக்கள், பி-2 விசிட்டர் விசா எல்லாம் இதில் அடக்கம். ரேஞ்சில் கையில் வாங்கிச் சுடுவதும் 'வசம்'தான். ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, நடப்பில் உள்ள வேட்டை லைசென்ஸ் இருந்தால் விதிவிலக்கு உண்டு. மச்சான் அதை எடுக்காமல் ஒரு தோட்டாவைக்கூடத் தொட வேண்டாம், கேன் சாவியும் அவர் கையில் போக வேண்டாம். தண்டனை 15 ஆண்டு வரை, விசாவும் போகும். அப்பா அம்மாவுக்கும் இதே சட்டம்தான். வேடிக்கை பார்க்க வரட்டும், சுட வேண்டாம்.

எண்ணிக்கைக்குக் கூட்டாட்சி வரம்பு கிடையாது, டெக்சாஸிலும் கிடையாது. ஆனால் வேலை மாறி வேறு மாநிலம் போனால் கதை மாறும். இலினாயில் ஃபாய்டு கார்டு (துப்பாக்கி வைத்திருப்போர் அடையாள அட்டை) இல்லாமல் தோட்டா வைத்திருக்கவே கூடாது. கனெக்டிகட்டில் வாங்கவே சான்றிதழ் வேண்டும். இங்கே நியூஜெர்சியில் பிஸ்டல் தோட்டா வாங்கத் துப்பாக்கி வாங்குவோருக்கான ஐ.டி. கார்டு போன்ற அனுமதி காட்ட வேண்டும். ஹாலோ பாயிண்டை வீட்டில் வைக்கலாம், ரேஞ்சுக்குக் கொண்டுபோகலாம், மற்றபடி வெளியே எடுத்துத் திரிந்தால் வழக்கு. நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து தோட்டாவுக்கும் பின்னணிச் சோதனை. லாரி மூவர்கள் தோட்டாவை ஏற்ற மாட்டார்கள், தபாலிலும் அனுப்பக் கூடாது. 1000-மா 10,000-மா என்று முடிவெடுக்கும்போது இதையும் சேர்த்து யோசியுங்கள்.

டாக்டர் மீனா, ஹூஸ்டன்:

குமரன், 9 வயதும் 6 வயதும் என்றீர்களே, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். துப்பாக்கி தோட்டா இல்லாமல் ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமியும் இதைத்தான் சொல்கிறது. ஆம்மோ கேனின் கொக்கியை ஆறு வயதுப் பிள்ளை திறந்துவிடும், பூட்டுத் துளை உள்ள கேனாக வாங்கிப் பூட்டு மாட்டுங்கள். சாவியைப் பூஜை அலமாரியிலோ சமையலறை டிராயரிலோ வைக்காதீர்கள், பிள்ளைகள் முதலில் துழாவும் இடங்கள் அவைதான். இரவில் கைக்கெட்டும்படி ஒரு பிஸ்டல் வேண்டும் என்றால் அதற்கென்று விரல்களால் எண் அமுக்கித் திறக்கும் சின்ன சேஃப், அதில் ஒரு மேகசின், அவ்வளவுதான். ஏற்றிய துப்பாக்கியை எட்டும்படி விட்டுவைத்து, அது 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்குப் போனால் டெக்சாஸில் குற்றம்.

ரேஞ்சிலிருந்து வந்ததும் பையைக் கவிழ்த்துப் பாருங்கள். ஜீன்ஸ் பாக்கெட், கார் இருக்கை இடுக்கு இங்கெல்லாம் ஒன்றிரண்டு .22 தங்கிவிடும். அது சிறு பிள்ளை கையில் சிக்குவது ஒருபுறம். அதே பையை ஊருக்கு எடுத்துப்போய் விமான நிலைய ஸ்கேனில் ஒரே ஒரு தோட்டா தெரிந்தால் பயணம் அங்கேயே நிற்கும். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் ஒரு தோட்டா இருந்தாலும் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் வந்தது என்று சொல்லிச் சொல்லி நீதிமன்றம் வரை அலைய வேண்டும். ரேஞ்ச் பை ரேஞ்சுக்கு மட்டுமே இருக்கட்டும்.

வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால், வேலை போன அதிர்ச்சியில் இருந்தால், எத்தனை தோட்டா என்ற கேள்விக்கு அந்தக் காலத்துக்கு விடை பூஜ்யம். துப்பாக்கியையும் தோட்டாவையும் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய நம்பகமான நண்பரிடமோ, வைத்துக்கொள்ளும் கடை அல்லது ரேஞ்சிடமோ கொடுத்துவிடுங்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரீலோடிங் ராஜா:

டாக்டரம்மா சொன்னதை அப்படியே செய்யுங்கள். கெட்டுப்போன தோட்டா பற்றி விட்டுப்போனதை மட்டும் சேர்க்கிறேன். பச்சைக் களிம்பு பிடித்துக் குழி விழுந்தது, பள்ளம் விழுந்து நசுங்கியது, வெள்ளத்தில் மூழ்கியது எதையும் சுட வேண்டாம். காய்ந்துவிட்டதே என்று சுட்டால், சில தோட்டாக்களில் பவுடர் பாதி மட்டும் எரியும். 'டப்' என்று மெல்லிய சத்தம், உதைப்பு குறைவு, புல்லட் குழாய்க்குள்ளேயே நின்றிருக்கும். உடனே நிறுத்தி, இறக்கி, குழாயைப் பாருங்கள். அடுத்ததைச் சுட்டால் குழாய் போகும். சுடாமல் 'கிளிக்' மட்டும் கேட்டால், குறியை நோக்கியபடியே 30 விநாடி பிடித்திருந்து பிறகு வெளியே எடுங்கள். ஒதுக்கியதைக் குப்பையில் போடவோ புதைக்கவோ வேண்டாம். தீயணைப்பு நிலையம் அல்லது போலீஸின் அவசரமில்லாத எண்ணுக்குப் பேசினால் எங்கே ஒப்படைப்பது என்று சொல்வார்கள். பல ரேஞ்சுகளில் அதற்கென்றே ஒரு வாளி இருக்கும்.

ஷாட்கனின் குழாய் மேகசினில் ஷெல்லை மாதக்கணக்கில் ஏற்றியே வைக்க வேண்டாம். ஸ்பிரிங் அழுத்தத்தில் பிளாஸ்டிக் ஷெல் நசுங்கும், பிறகு பம்ப் அடிக்கும்போது மாட்டும். பிஸ்டல் மேகசினுக்கு அந்தக் கவலை இல்லை, ஏற்றியே வைக்கலாம்.