ஈரத்துணியை நம்பி 20 லிட்டர் போச்சு

ஈசூன்வாசி (சிங்கப்பூர்):
வெயில் ஊரில் வீட்டிலேயே பீர் காய்ச்ச போன மாதம் அடிலெய்டு அண்ணாச்சி இங்கே ஒரு வழி சொன்னார்: "ஃபெர்மென்டரை, அதான் பீர் நொதிக்கிற பாத்திரத்தை, தண்ணி டப்பில் வை, பழைய பனியனை நனைச்சு மாட்டு, ஃபேனைத் திருப்பிவிடு, ஃப்ரிட்ஜே வேணாம்." அப்படியே செய்தேன். 20 லிட்டர் பேல் ஏல், யூஎஸ்-05 ஈஸ்ட். ஃபெர்மென்டரில் ஒட்டிய வெப்பமானிப் பட்டை இரண்டாம் நாள் 30-ஐத் தொட்டது. இப்போது பாட்டிலைத் திறந்தால் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை. ஒரு கிளாஸுக்கே மண்டை இடிக்கிறது. தயவுசெய்து இந்த முறையை இனி யாருக்கும் சொல்லாதீர்கள்.

அடிலெய்டு அண்ணாச்சி:
தம்பி, ஆறு கோடையா நான் இப்படித்தான் காய்ச்சுறேன். வெளியே 38 அடிச்சாலும் என் பட்டை 22 தாண்டாது. நம்ம வீட்டுல மண்பானைக்கு ஈரத்துணி சுத்துன அதே வித்தைதான். ஃபேன் ராத்திரி முழுக்க ஓடுச்சா? துணி காயக் காய நனைச்சீங்களா?

ஈசூன்வாசி:
துணி காயவே இல்லை அண்ணாச்சி. மூன்று நாளும் சொதசொதவென்று அப்படியே கிடந்தது.

கணக்குப்பிள்ளை:
அதிலேயே விடை இருக்கிறது. தண்ணீர் ஆவியானால்தான் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் எங்கே ஆவியாவது? அடிலெய்டில் 38 டிகிரி, 15 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் ஈரத்துணி அதிகபட்சம் இறங்கக்கூடியது சுமார் 19.5 டிகிரி வரை. சிங்கப்பூரில் 31 டிகிரி, 75 சதவீதம் என்றால் அந்த எல்லை 27. எத்தனை ஃபேன் வைத்தாலும் அதற்குக் கீழே போகாது. போதாக்குறைக்கு நொதித்தலே சூட்டைக் கிளப்பும். முதல் இரண்டு மூன்று நாளில் உள்ளே இருப்பது அறையைவிட 3 முதல் 5 டிகிரி கூடுதலாகவே இருக்கும்.

அடிலெய்டு அண்ணாச்சி:
சரி, ஒத்துக்கிறேன், உங்க ஊர்க் காத்துக்கு என் பனியன் ஆகாது. ஆனா பழி முழுசும் பனியன் மேல போடக் கூடாது. ஈஸ்ட் போடும்போது வொர்ட், அதான் காய்ச்சி எடுத்த மால்ட் சாறு, எத்தனை டிகிரி?

ஈசூன்வாசி:
28 இருக்கும். குழாய்த் தண்ணியே அந்தச் சூட்டில்தானே வருது, அதுக்குக் கீழே எப்படி இறக்குவது?

அடிலெய்டு அண்ணாச்சி:
பாத்தீங்களா! கூடாத சுவையெல்லாம் முதல் மூணு நாள்ல உண்டாகிறதுதான். 28-ல போட்டா ஈஸ்ட் வெறிபிடிச்சு ஓடும், அப்புறம் நீங்க துரத்திப் பிடிக்கவே முடியாது. மூடி போட்டு ராத்திரி டப்புல ஐஸ் பாட்டிலோட வெச்சு, 18 வந்த பிறகு காலைல போட்டிருக்கணும்.

கணக்குப்பிள்ளை:
இதில் அண்ணாச்சி பக்கம்தான் நியாயம். 20 லிட்டர் பீர், சுற்றிலும் 30 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், ஒன்றரை லிட்டர் ஐஸ் பாட்டில் ஒன்று மொத்தத்தையும் சுமார் இரண்டரை டிகிரி இறக்கும். நான்கு பாட்டில் போட்டால் 28-லிருந்து 18. ஆனால் அறைச் சூடு உள்ளே வந்துகொண்டே இருக்கும், அதனால் காலையும் மாலையும் மாற்ற வேண்டும். டப்பைச் சுற்றிப் போர்வை போர்த்துங்கள். ஏர்லாக்கில் (மூடியில் வாயு வெளியேற வைக்கும் தண்ணீர் அடைப்பு) தண்ணீர் கொஞ்சமாக ஊற்றுங்கள், குளிரும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஈசூன்வாசி:
எங்கள் வீட்டு ஃப்ரீசரில் மீனை எடுத்துவிட்டு எட்டு பாட்டில் வைத்தால் பீர் வரும் முன் எனக்கு விவாகரத்து வந்துவிடும். இன்னொன்று, இங்கே வீட்டில் தண்ணீர் தேங்கியிருந்து கொசுப்புழு கண்டால் அபராதம். டப் தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் தொல்லை அடிலெய்டில் யாருக்குத் தெரியும்?

கிவெய்க்கிறுக்கன்:
எதுக்கு இத்தனை பாடு? நார்வேயின் வோஸ் பகுதிப் பண்ணைகளில் வழிவழியாக வந்த கிவெய்க் ஈஸ்ட்டைப் போடுங்க. 35 டிகிரிதான் அதுக்குச் சுகம். மூன்று நாலு நாளில் வேலை முடிஞ்சிடும். உலர் பாக்கெட்டாகவே கிடைக்குது. ஊர் வெயிலோடு சண்டை போடுறதை விட்டுட்டு, வெயிலுக்கு ஏத்த ஈஸ்ட்டை வைங்க.

அடிலெய்டு அண்ணாச்சி:
வோஸ்ல ஆரஞ்சுத் தோல் வாசம் வரும். ஐபிஏ மாதிரி ஹாப்ஸ் வாசம் தூக்கலான பீருக்குச் சரி. ஒரு நல்ல ஸ்டவுட்ல, அந்தக் கறுப்பு பீர்ல, அது எதுக்கு? எல்லாத்துக்கும் ஒரே மசாலாவா?

கிவெய்க்கிறுக்கன்:
நெயில் பாலிஷ் வாசத்துக்கு ஆரஞ்சு எவ்வளவோ தேவலை அண்ணாச்சி.

மெரினா_மைந்தன்:
சென்னையிலும் இதே புழுக்கம்தான். நானும் கிவெய்க் போடலாமா?

கணக்குப்பிள்ளை:
தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சுவதே மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஈஸ்ட் எதுவானாலும் சரி. சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்கு மாதம் 30 லிட்டர் வரை அனுமதி உண்டு.

ஈசூன்வாசி:
அடுத்த தடவை கிவெய்க்தான். இப்போது இருக்கும் 20 லிட்டரை என்ன செய்ய?

அடிலெய்டு அண்ணாச்சி:
கொட்டிடாதீங்க. மூணு மாசம் வெச்சா அடங்கும்.

கணக்குப்பிள்ளை:
அடங்காது. மண்டையிடிக்கும் அந்தக் கன ஆல்கஹால்கள் மாதக்கணக்கில் வைத்தாலும் போகாது. பாட்டில்தான் வீணாகும்.

ஈசூன்வாசி:
கொட்டியாச்சு. டப்பையும் கவிழ்த்து வைத்துவிட்டேன்.