நெப்போலியன், வெலிங்டன் இருவருக்கும் ஒரே பைகார்ன் தொப்பி: திருப்பினால் தலையில் உட்காரவில்லை

கேள்வி:
பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனும் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனும் மோதிய வாட்டர்லூ போர் (1815) பற்றிய நாடகத்துக்காக 3 மி.மீ. கம்பளி ஃபெல்ட்டில் தைத்த பைகார்ன், அதாவது இருமுனைத் தொப்பி. முனைகள் தோள்பக்கம் இருக்கும்படி வைத்தால் நெப்போலியனுக்குப் பொருந்துகிறது. வெலிங்டனுக்காக முன்னும் பின்னுமாகத் திருப்பினால் நெற்றியை அழுத்துகிறது, காதோரம் இடைவெளி. முனைகளும் தொங்குகின்றன. தலைச்சுற்று 58 செ.மீ. எங்கே தப்பு?

பதில் 1:
சுற்றளவில் தப்பில்லை. தலை முட்டை வடிவம், 58 செ.மீ. தலை ஏறக்குறைய 20 செ.மீ. நீளம், 17 அகலம். நெப்போலியன் தொப்பியில் தலைத்துளையின் நீளவாட்டம் முனைகளுக்குக் குறுக்கே ஓட வேண்டும். வெலிங்டனுக்கு முனைகளின் போக்கிலேயே. ஆகவே ஒரு தொப்பி இருவருக்கும் ஆகாது, இரண்டு வெட்டுங்கள். நெப்போலியனுக்குத் துளையிலிருந்து விளிம்பு பக்கவாட்டில் 14, முன்னால் 20, பின்னால் 24 செ.மீ. வையுங்கள். சுற்றிலும் ஒரே அகலம் வைத்தால், விளிம்பை மேலே மடித்து நிறுத்தும் முன்மடலும் பின்மடலும் சம உயரமாகி, அந்தச் சாயலே வராது.

பதில் 2:
முனை தொங்குவது மடல்களின் பாரத்தால். விளிம்போரம் 1.2 மி.மீ. ஸ்பிரிங் கம்பி வைத்து, கறுப்பு நாடாவால் மூடித் தையுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம், ஒருமுறை வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். கம்பியின் இணைப்பு பின்மடலின் நடுவில் வரட்டும், முனையில் வந்தால் அங்கேயே ஒடியும். பிறகு மரப் பாலிஷுக்கு வாங்கும் அரக்கு 50 கிராமை அரை லிட்டர் ஸ்பிரிட்டில் கரைத்து, உள்பக்கம் மட்டும் இரண்டு பூச்சு. மழை ஈரத்தில் பூசினால் வெள்ளை படரும். கறுப்பு ஃபெல்ட்டில் அது அப்பட்டமாகத் தெரியும். முதல் பூச்சு முழுக்கக் காய்ந்தபின் அடுத்தது. மடல்களைத் தலைப்பகுதியோடு நாலைந்து இடத்தில் மறைதையல் போட்டு இழுத்துக் கட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
துளையின் திசையேதான், அளந்து பார்த்தாயிற்று. தங்கச் சரிகையும் வெள்ளை இறகும் யாருக்கு?

பதில் 1:
இருவருக்கும் வேண்டாம். அவை நே போன்ற நெப்போலியனின் மார்ஷல்களுக்கு (உயர் தளபதிகளுக்கு): விளிம்பில் அகலத் தங்கச் சரிகை, மடலுக்குள் வெள்ளைத் தீக்கோழி இறகு. பளபளக்கும் அந்தக் கூட்டத்தில் நெப்போலியன் தனித்துத் தெரிந்ததே வெறும் கறுப்புத் தொப்பியால்தான். கறுப்புப் பட்டு நாடாவில் சிறிய மூவண்ண ரிப்பன் வட்டம் போதும். வெலிங்டன் தொப்பியிலும் இறகில்லை. ரிப்பன் வட்டத்தை வலப்பக்கம் தையுங்கள்: பிரிட்டனின் பெரிய கறுப்பு வட்டம், அதோடு ஸ்பெயின், போர்ச்சுகல், நெதர்லாந்துக்குச் சின்னஞ்சிறு வட்டங்கள் மூன்று. அந்தப் படைகளிலும் அவருக்கு உயர்பதவி இருந்தது.