டி4 பேஜின் (பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ்) தலை சப்பையாகத் தெரிகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: யுரேனைல் அசிடேட் சாயம் போட்டு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வால் பளிச்சென்று இருக்கிறது, தலைதான் நசுங்கியிருக்கிறது. மாதிரியைச் சாயமில்லாமல் உறைய வைத்துப் பார்க்கும் கிரையோ முறைக்குப் போனால் சரியாகுமா?

பதில் 1: ஆகும். சாயம் காயும்போதுதான் தலை அமுங்குகிறது. கிரையோவில் மாதிரியைத் திரவ ஈத்தேனில் சட்டென்று அமிழ்த்துவோம். தண்ணீர் படிகமாக நேரமில்லாமல் கண்ணாடி போல உறைந்துவிடும், பேஜ் இருந்தபடியே இருக்கும். இந்த உறைய வைக்கும் முறைக்காகத்தான் ஜாக் டுபோஷே 2017 நோபலில் பங்கு பெற்றார்.

கேட்டவர்: நன்றிங்க. நேராகத் திரவ நைட்ரஜனிலேயே அமிழ்த்தினால் போதாதா?

பதில் 2: போதாது. நைட்ரஜன் கொதித்து ஆவிப்படலம் மூடிக்கொள்ளும், குளிர்ச்சி மெதுவாகத்தான் இறங்கும். அப்புறம், வால் சுருங்கிய பேஜ்களை ஒதுக்கிவிடாதீர்கள். வால் நுனியில் இருக்கும் அறுகோண அடித்தட்டு நட்சத்திரமாக விரிந்திருப்பதை அவற்றில்தான் பார்க்கலாம். எனக்கு அதைவிட அழகான காட்சி கிடையாது.