மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் பதினாலு மாதம்

நான் புரூமுக்குப் போனது 2022 மே மாதம். அதற்கு முன் பெர்த்தில் ஒரு மருந்துக் கடையில் இருந்தேன். வடக்கே ஆள் இல்லை, பதினாலு மாதம் போய் இருக்கிறாயா, சம்பளம் கூட, தங்க இடமும் தருகிறோம் என்று ஓரிடத்தில் கேட்டார்கள், சரி என்று கிளம்பிவிட்டேன். காரில் போனால் 2,200 கிலோமீட்டருக்கு மேல். போர்ட் ஹெட்லண்டைத் தாண்டி வடக்கே இன்னும் 600 கிலோமீட்டர் போக வேண்டும், அந்த வழியில் பார்டூ, சாண்ட்ஃபயர் என்று பெட்ரோல் போட இரண்டு இடங்கள், மற்றபடி இரண்டு பக்கமும் புதர்தான். ஊர் வந்ததும் முதலில் கண்ணில் பட்டது மண். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், நம்ம தேரிக்காட்டு மண் எப்படி இருக்கும், அதே செம்மண், அதை அங்கே பிண்டன் என்கிறார்கள். அந்த மண் அப்படியே போய் நீலக் கடலில் இறங்குகிறது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புரூம் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அது முத்து எடுத்த ஊர் என்பது. என் தாத்தா 1950களின் சலாபங்களில், அதாவது அரசு நடத்தும் முத்துக்குளிப்புகளில், கடலில் இறங்கியவர், மன்னார் வளைகுடாவில் 1961-க்குப் பிறகு பெரிய சலாபம் நடக்கவில்லை. முத்துக்குளிப்பு பற்றி வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில்தான் போனேன். அந்த நினைப்பு தவறு என்று காட்டியவர் ஒரு பெரியவர். மாதம் இரண்டு தடவை கடைக்கு மாத்திரை வாங்க வருவார். வயது எண்பத்து நாலு. பார்த்த உடனே எந்த ஊர்க்காரர் என்று சொல்ல முடியாத முகம். அப்பா திமோர் தீவின் கூப்பாங்கிலிருந்து லக்கர் என்ற சிப்பி எடுக்கும் பாய்மரப் படகில் வேலைக்கு வந்தவர், அம்மா யாவுரு, அதாவது அந்த மண்ணின் பூர்வகுடி. பாட்டி வழியில் ஒரு ஜப்பானியரும் உண்டு என்றார். ஊரில் எல்லாரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள், அங்கே மூத்தவர்களுக்கு அதுதான் மரியாதை. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

எங்கள் தாத்தாவும் முத்துக் குளித்தவர் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "முத்தா, சிப்பியா?" எனக்குப் புரியவில்லை. மறுநாள் கையில் ஒரு சிப்பியோடு வந்தார். சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது, ஒரு கையால் தூக்கினால் நல்ல கனம். நம் கடலில் கிடைக்கும் முத்துச்சிப்பி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இது வேறு இனம். உள்பக்கம் பால் வெள்ளையில் பளபளக்கிறது, ஓரத்தில் லேசாகப் பொன்னிறம். நடுவில் வரிசையாக வட்ட வட்டமாக ஓட்டை போட்டிருந்தது. அந்த வட்டங்கள்தான் சட்டைப் பொத்தான். புரூம் வாழ்ந்தது அதை வைத்துத்தான். முத்து கிடைத்தால் அதிர்ஷ்டம், கூலியும் முதலும் சிப்பியிலிருந்து வந்தது. லண்டனிலும் நியூயார்க்கிலும் சட்டைக்குப் பொத்தான் தைக்கத்தான் இவ்வளவு பேர் கடலுக்கு அடியில் போயிருக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, நிஜமாகவே.

1883-ல் ஊரை அறிவித்தார்கள், அப்போதைய மேற்கு ஆஸ்திரேலிய ஆளுநர் ஃபிரெடெரிக் புரூமின் பெயரை வைத்தார்கள். 1910 வாக்கில் அங்கே 400 லக்கர் படகுகள் வரை இருந்தன, உலகத்திலேயே பெரிய சிப்பித் துறைமுகம் அதுதான். ஆனால் அதற்கு முந்தைய கதை இருக்கிறதே, அதைத்தான் அங்கிள் அதிக நேரம் சொன்னார். 1860களில் தொழில் ஆரம்பித்தபோது கவசமும் இல்லை, குழாயும் இல்லை. பூர்வகுடி மக்களைப் பிடித்து, சங்கிலி போட்டு, படகில் ஏற்றி மூச்சடக்கி இறங்க வைத்தார்கள். பெண்களையும்தான். கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு நுரையீரல் பலம் அதிகம் என்று நம்பி அவர்களை இறக்கியிருக்கிறார்கள். 1871-ல் சட்டம் போட்டுப் பெண்களை இறக்கக் கூடாது என்றார்கள், அப்படி ஒரு சட்டமே தேவைப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரையோரம் ஒரு சிலை இருக்கிறது, வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் தண்ணீரிலிருந்து கையில் சிப்பியோடு மேலே வருவதைப் போல. சுற்றுலா வருகிறவர்கள் பலர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு நிமிடம் நின்று அந்த முகத்தைப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றும் எனக்கு.

பிறகு 1880களில் செம்புத் தலைக்கவசம், கித்தான் உடை, ஈயம் பதித்த பூட்ஸ் எல்லாம் வந்தது. ஆழம் போகப் போக ஜப்பானியர்கள்தான் முக்கியமான முக்குளிகள் ஆனார்கள், நிறையப் பேர் வாக்கயாமா மாநிலத்துத் தாய்ஜி என்ற கடலோர ஊர்க்காரர்கள். படகில் மலாய்க்காரர், கூப்பாங்குக்காரர், மணிலாக்காரர், கரையில் சீனர் கடைகள். 1901-ல் வெள்ளையர் மட்டும் என்று குடியேற்றச் சட்டம் வந்தபோது நாடு முழுக்க ஆசியர்களை உள்ளே விடாமல் தடுத்தார்கள், இந்தத் தொழிலுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். ஏனென்றால் அவர்கள் இல்லாமல் சிப்பி வராது. 1912-ல் பிரிட்டிஷ் கடற்படையில் பழகிய வெள்ளைக்கார முக்குளிகளைக் கொண்டுவந்து முயற்சி செய்தும் பார்த்தார்கள், சிலர் இறந்தார்கள், மற்றவர்களாலும் அந்தக் கடலில் போதுமான சிப்பி எடுக்க முடியவில்லை, திட்டம் அதோடு முடிந்தது.

இலங்கைக்காரர் ஒருவரும் அந்த ஊரில் பேர் வாங்கியிருக்கிறார், டி. பி. எல்லீஸ். சிங்களவர். முத்து வைத்தியர் என்றே சொல்லலாம், கறை படிந்த, மேடு பள்ளமான முத்தை எடுத்து மேல்தோலை மெல்ல மெல்லச் சீவி உள்ளே இருக்கும் நல்ல தோலை வெளியே கொண்டுவருவார். ஒரு சீவல் கூடிவிட்டால் முத்தே போச்சு. பெரிய பெரிய வெள்ளைக்கார முதலாளிகள் அவர் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள் என்று அங்கிள் தன் அப்பா சொல்லக் கேட்டதாகச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜப்பானியர் கல்லறைக்கு அவரே கூட்டிப்போனார். 707 கல்லறைகள், 919 பேர். கடற்கரையிலிருந்து எடுத்த பாறையிலேயே கல் நட்டு ஜப்பானிய எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறார்கள், செம்மண்ணில் வரிசை வரிசையாக நிற்கிறது. 1908 புயலில் போனவர்களுக்கு ஒரு தூண் தனியாக இருக்கிறது. மிச்சம் பேரில் பலர் பெண்ட்ஸ் வந்து போனவர்கள். ஆழத்திலிருந்து சீக்கிரம் மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிவிடும், மூட்டெல்லாம் முறுக்கும், கை கால் விழுந்துவிடும். மருந்துக் கடைக்காரனான எனக்கு அது பாடப்புத்தகத்தில் படித்த விஷயம். அவருக்கு அது ஆட்களின் பெயர். ஒரு கல் முன்னால் குனிந்து காய்ந்த இலையைத் தட்டிவிட்டார், யார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

1935-ல் லாசபீட் தீவுகள் பக்கம் அடித்த புயலில் ஒரே ராத்திரியில் 141 பேர். இதையெல்லாம் கேட்ட பிறகு, மழைக்காலத்தில் படகுகளைச் சதுப்புக்காட்டு ஓடைக்குள் இழுத்துக் கட்டி வைப்பார்கள், அப்போது ஊரெல்லாம் சீட்டாட்டமும் சண்டையும் சாராயமும்தான் என்று கதை சொன்னால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரோடு திரும்பி வந்தவன் கொண்டாடுகிறான், அவ்வளவுதான்.

கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்ம தூத்துக்குடியில் கடல் ஒரு மீட்டர் ஏறினாலே பெரிசு. புரூமில் பெரிய ஏற்ற நாட்களில் ஒன்பது மீட்டருக்கு மேல் வித்தியாசம். காலையில் பார்த்த கடல் மத்தியானம் இருக்காது, கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. அந்தக் காலத்தில் கப்பல்கள் பழைய படகுத்துறைப் பாலத்தை ஒட்டி அப்படியே சேற்றில் உட்கார்ந்துகொள்ளுமாம், அடுத்த ஏற்றம் வந்ததும் மிதக்கும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை, அந்தச் சேற்றில் தேங்கிய நீரில் நிலா எழும்போது படிக்கட்டு மாதிரி தெரியும், ஊரே நாற்காலி எடுத்துக்கொண்டு டவுன் பீச்சுக்கு வந்துவிடும். நானும் ஒரு மாதம் விடாமல் போவேன். சின்னப் பிள்ளைகள் நிலா தெரிந்ததும் கத்துவார்கள், அப்புறம் திடீரென்று எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள்.

அதே டவுன் பீச்சிலிருந்துதான் விமானங்களைப் பார்க்கப் போனோம். 1942 மார்ச் 3-ம் தேதி காலை, ஜாவாவிலிருந்து தப்பி வந்த டச்சுக் குடும்பங்கள் கடலில் இறங்கும் விமானங்களுக்குள்ளேயே காத்திருந்தார்கள், தண்ணீர் நிலை சரியில்லாததால் கரைக்கு வர முடியவில்லை. கூப்பாங்கிலிருந்து வந்த ஒன்பது ஜப்பானியப் போர் விமானங்கள் சுட்டுத் தள்ளின. குறைந்தது 88 பேர் இறந்தார்கள், அதில் பலர் பெண்களும் குழந்தைகளும் என்றார்கள். இன்றைக்கும் கடல் மிகக் கீழே வற்றும் சில நாட்களில் மட்டும் அந்தச் சிதைவுகள் வெளியே வரும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் கணுக்கால் வரை சேற்றில் நடக்க வேண்டும், போகிற நேரத்தையும் திரும்புகிற நேரத்தையும் அட்டவணை பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் போக வேண்டும், ஏற்றம் ஆரம்பித்தால் நடையை விட வேகமாக வரும். நான் பார்த்தது ஒரு எஞ்சின், கொஞ்சம் இறக்கைச் சட்டம், அதன் மேல் பவளம் முளைத்திருந்தது, கீழே ஒரு சின்ன நண்டு. எதையும் தொடாதே, அது கல்லறை என்று கூட வந்த பெண் மெதுவாகச் சொன்னார்.

சன் பிக்சர்ஸ் என்று ஒரு திறந்தவெளித் திரையரங்கு, 1916-லிருந்து ஓடுகிறது. தகரக் கொட்டகை, துணி நாற்காலி. படம் ஓடும்போதே தலைக்கு மேல் விமானம் இறங்கும். ஒரு காலத்தில் பெரிய ஏற்றம் வந்தால் கடல்நீர் உள்ளேயே வந்துவிடுமாம், காலைத் தூக்கிக்கொண்டு படம் பார்த்திருக்கிறார்கள். அங்கிள் அங்கே என்னோடு வர மாட்டேன் என்றுவிட்டார். சின்ன வயதில் அவர் அம்மா தனி வாசல் வழியாக உள்ளே போய் ஓரத்தில் உட்கார வேண்டியிருந்தது. இப்போது அப்படி இல்லை, பேரப்பிள்ளைகள் எல்லாரும் போகிறார்கள், அவருக்கு மட்டும் அந்த வாசல் ஞாபகம் வருகிறது. நான் வற்புறுத்தவில்லை.

குறை ஒன்றும் சொல்லிவிடுகிறேன், போக நினைப்பவர்களுக்கு உதவும். தருகிறோம் என்ற தங்க இடம் போய்ச் சேர்ந்த பிறகு மூன்று மாதம் கிடைக்கவில்லை, கேரவன் பார்க்கில் இருந்தேன், வாடகை என் கையிலிருந்து போனது. எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள். 2023 ஜனவரியில் ஃபிட்ஸ்ராய் ஆற்றில் வெள்ளம் வந்து பாலமே போய்விட்டது, கிழக்கே போகும் நெடுஞ்சாலை அறுந்தது, உள்ளே இருந்த ஊர்களுக்கு மருந்து விமானத்தில் போனது. ஒரு வாரம் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தோம். தூரம் என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

1950களில் பிளாஸ்டிக் பொத்தான் வந்ததும் சிப்பிக்கு மதிப்புப் போய்விட்டது. 1956-ல் வடக்கே குரி பே-யில் வளர்ப்பு முத்து ஆரம்பித்ததால்தான் ஊர் பிழைத்தது. அங்கிள் அந்த மாறும் காலத்தில் லக்கரில் இருந்தவர். அவர் முக்குளி இல்லை, கயிறு பிடிப்பவர். கீழே ஆள் இருக்கும்போது படகு மெல்ல மிதந்துகொண்டே போகும், அவன் கடலடியில் சேர்ந்து நடப்பான். கயிற்றை ஒரு தடவை இழுத்தால் ஒரு அர்த்தம், இரண்டு தடவை இழுத்தால் வேறு. எட்டு மணி நேரம் விரலிடுக்கில் அந்தக் கயிறு இருக்கும், பேச்சும் கிடையாது, சாப்பாடும் இன்னொருவர் ஊட்டினால்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். உங்கள் ஊரில் எப்படி இறங்குவார்கள் என்று கேட்டார். காலில் கல்லைக் கட்டிய கயிறு, இடுப்பில் ஒரு கயிறு, மூச்சுதான் கணக்கு என்றேன். கயிறு யார் பிடிப்பார் என்றார். மச்சான்தான் என்றேன். மனைவியின் தம்பியோ அண்ணனோ, அவன்தான் தன் அக்காவோ தங்கையோ தாலி அறுக்க விடமாட்டான் என்று தாத்தா சொல்வார். இதைக் கேட்டதும் அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாக, "நான் பிடித்த ஆளின் தங்கச்சியைத்தான் கட்டினேன்" என்றார். உள்ளே இருந்த பாட்டியைக் கூப்பிட்டு இதைச் சொன்னார், அந்த அம்மா வாசலுக்கு வந்து என்னைப் பார்த்து, "இன்னொரு தடவை சொல்" என்றார். சொன்னேன். உள்ளே போய் ஓட்டை போட்ட அந்தச் சிப்பியைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இப்போது அது ஊரில் தாத்தா படத்துக்குக் கீழே இருக்கிறது.